மறக்கப்பட்ட ஐந்து டிகிரி

ஓர் அறிவுத்துறை எப்போது துறையாகிறது? கண்டுபிடிப்பு நிகழ்ந்த நாளிலா, அல்லது அதை ஓர் ஆசிரியர் கரும்பலகை முன் நின்று மாணவர்க்குச் சொல்லத் தொடங்கும் நாளிலா? தமிழ் இலக்கியம் பயின்ற நான் இயற்பியலுக்கு வெளியாள். எனினும் பிரபஞ்சவியலின் வரலாற்றைப் படிக்கையில், இரண்டாவது விடையின் பக்கமே மனம் சாய்கிறது.

1969ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜிம் பீபிள்ஸ் என்ற 34 வயது இயற்பியலாளர் பட்டமேற்படிப்பு மாணவர்க்குப் பிரபஞ்சவியல் பாடம் நடத்தினார். பொதுச் சார்பியலில் பெரும்புகழ் பெற்ற ஜான் வீலர் அவ்வகுப்பில் வந்தமர்ந்து குறிப்பெடுத்தார். அக்குறிப்புகளைப் பீபிள்ஸிடமே கொடுத்து, நூலாக எழுதும்படி வற்புறுத்தினார். 1971இல் 'பிஸிக்கல் காஸ்மாலஜி' என்ற நூல் அப்படித்தான் பிறந்தது. பிரபஞ்சத்தின் தொடக்கம் என்பது தத்துவ ஊகம் என்ற நிலையிலிருந்து, அளந்தும் கணக்கிட்டும் கற்க வேண்டிய பாடமாக மாறியதில் அந்த வகுப்பறைக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அந்தப் பாடத்தின் அடிப்படைச் செய்தி அதற்கு 21 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

1948இல் ஜார்ஜ் காமோவின் மாணவரான ரால்ஃப் ஆல்ஃபர், கொதிக்கும் அடர்த்தியான ஒரு தொடக்க நிலையிலிருந்து தனிமங்கள் எவ்வாறு உருவாயிருக்கும் என்று தம் முனைவர் பட்ட ஆய்வில் கணக்கிட்டார். வாய்மொழித் தேர்வைக் கேட்கச் சுமார் 300 பேர் திரண்டனர் என்பர். அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் இன்னொன்றையும் சொன்னார்கள். அந்த ஆதி வெப்பத்தின் ஒளி இன்றும் எங்கும் நிறைந்திருக்க வேண்டும். பிரபஞ்சம் விரிய விரிய அது குளிர்ந்து, இப்போது சுமார் 5 டிகிரி கெல்வின் அளவில் இருக்கும். தனிப்பூஜ்யத்துக்குச் சற்றே மேலான குளிர் அது.

யாரும் அதைத் தேடவில்லை. காரணங்கள் பல. எல்லாத் தனிமங்களும் தொடக்கத்திலேயே உருவாயின என்ற காமோவின் எண்ணம் கனமான தனிமங்களில் தடுக்கி விழுந்தது. அவை விண்மீன்களுக்குள் சமைக்கப்படுகின்றன என்பது 1957இல் விரிவாக நிறுவப்பட்டது. காமோவின் குறும்பும் கைகொடுக்கவில்லை. ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டும் என்பதற்காக, ஆய்வில் பங்கேற்காத ஹான்ஸ் பெத்தேயின் பெயரையும் கட்டுரையில் சேர்த்து ஏப்ரல் 1 இதழில் வெளிவரச் செய்தார் அவர். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆல்ஃபரும் ஹெர்மனும் 1950களின் நடுவில் தொழில்நிறுவன ஆய்வகங்களுக்குச் சென்றுவிட்டார்கள். அந்தக் கணக்கை அடுத்த தலைமுறைக்குச் சொல்ல அவர்களுக்கு வகுப்பறை இல்லை. உரைகளில் பெயர் மட்டுமே எஞ்சிய நூல்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

1964இல் நியூஜெர்ஸியின் ஹோம்டெலில், பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆண்டெனாவில் ஆர்னோ பென்ஸியாஸும் ராபர்ட் வில்சனும் விடாத ஓர் இரைச்சலைக் கேட்டனர். எத்திசையில் திருப்பினாலும் சுமார் 3.5 டிகிரி மிகுதி. உள்ளே கூடுகட்டிய புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்த பின்னும் அது போகவில்லை. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத பிரின்ஸ்டனில், ராபர்ட் டிக்கியின் குழு அதே கதிர்வீச்சைத் தேடிக் கருவி அமைத்துக்கொண்டிருந்தது. அக்குழுவின் கோட்பாட்டாளர்தான் பீபிள்ஸ். 1965 பிப்ரவரியில் அவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆற்றிய உரையின் செய்தி வாய்வழியாகப் பரவிப் பென்ஸியாஸின் காதை எட்டியது. ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இல் பணியாற்றிய ஆய்வகமும் அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்ததே. 17 ஆண்டுகளில் அங்கேயே அந்த நினைவு மங்கிப்போயிருந்தது. டிக்கிக்கோ தம் நினைவே துணைநிற்கவில்லை. அத்தகைய கதிர்வீச்சு இருந்தாலும் 20 டிகிரிக்கு மேல் இராது என்று 1946இல் அளந்து சொன்னவரே அவர்தான்.

1965இல் இரு குழுக்களின் கட்டுரைகளும் ஒரே இதழில் வெளிவந்தன. ஆல்ஃபர், ஹெர்மனின் ஐந்து டிகிரிக் கணிப்பு அவற்றில் இடம்பெறவில்லை. 1978இல் பென்ஸியாஸும் வில்சனும் நோபல் பரிசு பெற்றனர். ஆல்ஃபரும் ஹெர்மனும் தங்கள் முன்னுரிமையை நினைவூட்டிப் பல ஆண்டுகள் எழுத வேண்டியிருந்தது. ஹெர்மன் 1997இல் மறைந்தார். ஆல்ஃபருக்கான அமெரிக்க தேசிய அறிவியல் பதக்கத்தை 2007 ஜூலையில் அவர் மகன் பெற்றுக்கொண்டார். மறுமாதம் ஆல்ஃபர் காலமானார்.

இதில் வில்லன் யாருமில்லை. பீபிள்ஸ் தாமே கணக்கிட்டு அந்த முடிவை அடைந்தவர். 2019இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசு முற்றிலும் தகுதியானது. பின்னாளில் 1948இல் என்ன நடந்தது என்பதை ஆவணங்களோடு ஆராய்ந்து, முன்னோடிகளின் பங்கை எடுத்தெழுதியவர்களில் அவரும் ஒருவர்.

இன்று பிரபஞ்சவியல் பயிலும் மாணவர் 2.725 டிகிரி என்ற துல்லியமான எண்ணைத் தொடக்கத்திலேயே கற்றுவிடுகிறார். அந்த எண்ணைச் சொல்லும் ஆசிரியர் இன்னும் ஒரு நிமிடம் செலவழித்து, 1948இல் 5 என்று சொன்ன இருவரின் பெயரையும் சொல்ல வேண்டும். ஆல்ஃபருக்கும் ஹெர்மனுக்கும் கிடைக்காதது அந்த ஒரு நிமிடந்தான்.