எண்ணிக்கையும் முற்றுக்குறியும்: கடலூர் வானிலைச் செய்தியின் வழியே நீள முன்னொட்டின் வரலாறு

உலக வானிலை அமைப்பின் பட்டியலில் கடலூர் நிலையத்தின் எண் 43329. காலை 8.30க்கு அங்கே குறிக்கப்படும் காற்றழுத்தம், வெப்பநிலை, மழையளவு எல்லாம் சென்னை, புதுடெல்லி வழியாக உலக வலைக்குப் போகின்றன. ஒரு செய்தி முடிந்து அடுத்தது தொடங்குவதை வாங்கும் முனை எப்படி அறிகிறது? இதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடை கிடைத்தது. புதிய விடை வந்த பின்னும் பழையது விலகவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

முதலில் இருந்தது எண்ணிக்கைதான். தந்தியின் தலைப்பிலேயே சொற்களின் எண்ணிக்கை செல்லும். வாங்கும் எழுத்தர் எண்ணிப் பார்த்து, பொருந்தாவிட்டால் திரும்பக் கேட்பார். கட்டணம் வாங்கவும் பிழை பிடிக்கவும் ஒரே கணக்கு பயன்பட்டது. வானிலைக் குறிமுறை ஐந்து இலக்கத் தொகுதிகளாக இருப்பதும், ஐந்து இலக்கத்தை ஒரு சொல்லாகக் கொண்ட தந்தி வழக்கோடு ஒத்துப்போகிறது.

தொலையச்சு இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாது. ஆகவே செய்தியின் தலையில் ‘இசட்சிஇசட்சி’, முடிவில் முற்றுக்குறியாக நான்கு ‘என்’ என்ற மரபு வந்தது. சாதாரண உரையில் தற்செயலாக வராத கோவைகள் இவை. ஒவ்வொரு நிலையத்தின் அறிக்கையும் சமக்குறியோடு முடியும்.

நிரல்மொழிகளும் இதே பக்கம் சாய்ந்தன. மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967இல் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் சரத்தின் முதல் பைட்டே அதன் நீளம். கென் தாம்சனின் பி மொழி அதைக் கைவிட்டு முற்றுக்குறிக்கு மாறியது. சி மொழி பூஜ்ய பைட்டை வைத்துக்கொண்டது. டென்னிஸ் ரிட்சி 1993இல் இதற்கு இரண்டு காரணம் சொன்னார்: எட்டு, ஒன்பது பிட்டுக்குள் நீளத்தை அடைத்தால் சரத்துக்கு வரம்பு விழும், எண்ணிக்கையைப் பேணுவது முற்றுக்குறியைவிடத் தொல்லை. நினைவகத்துக்குள் இந்த நியாயம் செல்லும். கம்பியில் செல்லாது. இருமத் தரவில் எந்தப் பைட்டும் வரலாம், பூஜ்யமும் உட்பட. அங்கே நீளத்தை முன்னொட்டாக அனுப்ப வேண்டும்.

1981இல் நிலைபெற்ற டிசிபி என்ற இணைய நெறிமுறையின் வரையறை சிக்கலைக் கூர்மையாக்கியது. அது தருவது பைட்டுகளின் ஓடை மட்டுமே. பொட்டல எல்லைகளை அது காப்பதில்லை. ஒருமுறை அனுப்பியதை ஒரே ‘ரீட்’ அழைப்பில் பெறலாம் என்று எழுதிய நிரல், ஒரே அறைக்குள் இருக்கும் இரு கணினிகளுக்கிடையே பெரும்பாலும் பிழையின்றி ஓடும். தொலைவழியில், நீளத்தைச் சொல்லும் தலைப்பின் நான்கு பைட்டில் இரண்டு மட்டும் முதலில் வந்து சேரலாம். நிரல் அங்கே தடுமாறும். கேட்ட அளவு நிரம்பும்வரை சுற்றில் படிப்பதும், குறுக்கீட்டால் நின்றால் மறுபடி தொடர்வதும், பூஜ்யம் திரும்பினால் மறுமுனை மூடிவிட்டது என்று கொள்வதும் அன்றிலிருந்து சி நிரலாளரின் அன்றாட வேலை. எழுதும் பக்கத்தில் வேறொரு பொறி உண்டு. தலைப்பையும் உடலையும் தனித்தனியே எழுதினால், 1984இல் ஜான் நாகிள் முன்மொழிந்த முறை இரண்டாவது சிறு துண்டை முந்தையதற்கு ஒப்புகை வரும்வரை நிறுத்திவைக்கக்கூடும். 1983இன் 4.2 பிஎஸ்டியில் வந்த ‘ரைட்வி’ அழைப்பு இரண்டையும் ஒருசேர ஒப்படைக்க உதவுகிறது.

வானிலை வலை டிசிபிக்கு மாறியபோது தேர்ந்தெடுத்த வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. செய்திக்கு முன்னால் எட்டு இலக்கத்தில் நீளம். பிறகு வகையைக் காட்டும் ஈரெழுத்து: உரைக்கு ‘ஏஎன்’, இருமத்துக்கு ‘பிஐ’. நீளத்தைப் பதின்ம இலக்கமாகவே எழுதியதால், எண்ணின் எந்தப் பைட் முதலில் வர வேண்டும் என்று டேனி கோஹன் 1980இல் எள்ளலோடு எழுதிய பைட் வரிசைச் சண்டை இதன் பக்கம் வரவே இல்லை.

இருமச் செய்தியின் உள்ளே இருக்கும் ‘பஃபர்’ என்ற வானிலைக் குறிமுறைக்கு அந்த வசதி இல்லை. அதன் பெயரின் நான்கு எழுத்துக்குப் பின் மொத்த நீளம் மூன்று பைட்டில், பெரிய மதிப்பு முன்னால் வரும்படி, நிற்கிறது. சி மொழியில் மூன்று பைட் எண் வகையே கிடையாது. கட்டமைப்பை அப்படியே கோப்பிலிருந்து ஏற்றும் குறுக்குவழி இங்கே அடைபடுகிறது. ஒவ்வொரு பைட்டையும் இடம்பெயர்த்துக் கூட்டியாக வேண்டும். முடிவில் ‘7777’ என்ற நான்கு எழுத்து. தரவுக்கு நடுவிலும் அதே பைட்டுகள் தற்செயலாக வரலாம் என்பதால், அதைத் தேடி முடிவு காண்பது தவறு. நீளத்தின்படி தாண்டிப் போய், அங்கே 7777 இருக்கிறதா என்று பார்க்கலாம். எல்லை காட்டிய குறி சாட்சியாக மாறிவிட்டது. தந்தி எழுத்தரின் சரிபார்ப்பு வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

இந்தச் சாட்சி வீண் சடங்கல்ல. வந்த எண்ணை அப்படியே நம்பினால் என்ன ஆகும் என்பதை 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டை காட்டியது. அனுப்பியவர் சொன்ன நீளத்தை வந்து சேர்ந்த அளவோடு ஒப்பிடாததால், ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகம் ஒரு கேள்விக்கு 64 கிலோபைட் வரை தன் நினைவகத்தையே வெளியே கொடுத்தது. மேல்வரம்பைச் சோதித்த பிறகே இடம் ஒதுக்க வேண்டும் என்பது அதற்கு முன்பும் தெரிந்த விதிதான்.

இப்போது உலக வானிலை அமைப்பு தன் புதிய தகவல் வலைக்கு எம்கியூடிடி நெறிமுறையை ஏற்றிருக்கிறது. அதில் பொட்டலத்தின் நீளமே நீண்டு சுருங்கும்: பைட்டுக்கு ஏழு பிட், ஒன்று முதல் நான்கு பைட் வரை, உச்சம் 26,84,35,455. எட்டாவது பிட், எண் இன்னும் தொடர்கிறதா என்று சொல்லும். நீளத்துக்குள்ளேயே ஒரு முற்றுக்குறி! உள்ளே வரும் சரங்களுக்கு இரண்டு பைட் முன்னொட்டு. அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூடிஎஃப்-8 பைட்டை. மழைப் பட்டியலில் ‘கடலூர்’ என்று தமிழில் எழுதினால் நான்கு எழுத்து, 18 பைட். ‘சிதம்பரம்’ ஆறு எழுத்து. முன்னொட்டில் எழுத வேண்டியது 27.