செவ்வானம் மறையாத ஊர்



மஃரிப் தொழுதுவிட்டு வெளியே வரும்போது மேற்கு வானைச் சற்று உற்று நோக்குங்கள். சூரியன் மறைந்துவிட்டது, ஆனால் அதன் வெளிச்சம் மறையவில்லை. முதலில் செம்மை, பிறகு வெண்மை, அதன் பின்னரே இருள். அல்லாஹ் தன் திருமறையின் 84ஆம் அத்தியாயத்தில் சத்தியமிட்டுக் கூறும் ‘ஷஃபக்’ என்னும் அந்தி ஒளி இதுவே. இது மறையும்போதுதான் இஷாவின் நேரம் தொடங்குகிறது. மறைய வேண்டியது செம்மை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் கருத்து. அதனை அடுத்துவரும் வெண்மையும் மறைய வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து.

அந்த ஒளி இரவு முழுவதும் மறையவே இல்லை என்றால் என்ன செய்வது? இது வெறும் கற்பனைக் கேள்வி அன்று.

வோல்கா நதிக்கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் மன்னர், மார்க்கம் கற்பிக்க ஆட்களை அனுப்புமாறு அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரிடம் வேண்டினார். ஹிஜ்ரி 309 ஸஃபர் மாதம், அதாவது கி.பி. 921 ஜூனில், பாக்தாதிலிருந்து ஒரு தூதுக்குழு புறப்பட்டது. அதில் சென்ற இப்னு ஃபள்லான் தம் பயணக் குறிப்பில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார். 922ஆம் ஆண்டின் கோடைக்கால இரவொன்றில், பாக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவருடன் கூடாரத்திற்குள் பேசிக்கொண்டே இஷாவின் பாங்கிற்காக அவர் காத்திருந்தார். பாங்கு ஒலித்தது. வெளியே வந்து பார்த்தால் வைகறை புலர்ந்திருந்தது! ஒலித்தது ஃபஜ்ருடைய பாங்கு. இஷா எங்கே என்று வினவியபோது, மஃரிபுடன் சேர்த்துத் தொழுதுவிடுகிறோம் என்றார் முஅத்தின். ஃபஜ்ர் தவறிவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு மாத காலமாகத் தாம் இரவில் உறங்கவே இல்லை என்றும் அவர் சொன்னார். மறுநாள் இரவு இப்னு ஃபள்லான் தாமே வானத்தைக் கவனித்தார். சுமார் பதினைந்து நட்சத்திரங்களே தென்பட்டன. அந்திச் செம்மை மறையவே இல்லை.

இதன் காரணம் என்ன? சூரியன் தொடுவானத்திற்குக் கீழே இறங்கிய பின்னும், உயரே உள்ள காற்று மண்டலத்தில் அதன் கதிர்கள் பட்டுச் சிதறுகின்றன. சூரியன் ஏறத்தாழ 18 பாகை கீழே இறங்கினால்தான் வானம் முழுமையாக இருளும். இந்த அளவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அல்பிரூனி போன்ற முஸ்லிம் வானியல் அறிஞர்கள் அறிந்திருந்தனர். பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் அல்கலீலி, அந்திக்கு 17 பாகை, வைகறைக்கு 19 பாகை எனக் கொண்டு தொழுகை நேர அட்டவணைகளை வகுத்தார்.

கணக்கு எளியது. 90இலிருந்து ஊரின் அட்சரேகையையும், பூமியின் சாய்வான 23½ பாகையையும் கழியுங்கள். ஜூன் மாத இறுதியில் நள்ளிரவுச் சூரியன் எவ்வளவு கீழே இருக்கும் என்பது கிடைக்கும். பாக்தாதிற்கு ஏறத்தாழ 33 பாகை. எனவே அங்கு நல்ல இருள். 55ஆம் அட்சரேகையில் உள்ள பல்காருக்கோ 11½ பாகைதான்! அங்கு அந்தி முடியுமுன்பே வைகறை வந்துவிடுகிறது.

இங்கேதான் பெரும் கேள்வி பிறந்தது. நேரமே வராதபோது இஷா கடமையாகுமா? கைகள் துண்டிக்கப்பட்டவருக்கு உளூவில் கை கழுவும் கடமை நீங்குவதைப் போல, இங்கே இஷாவும் நீங்கும் என்று ஹனஃபி அறிஞர் அல்பக்காலீ கருதினார். பதினைந்தாம் நூற்றாண்டின் இப்னுல் ஹுமாம் (ரஹ்) இதனை மறுத்தார். கை என்பது கடமை நிறைவேறும் இடம். அந்தி மறைவதோ ஓர் அடையாளம் மட்டுமே. அடையாளம் இல்லாததால் கடமை இல்லாமல் போகாது என்றார் அவர். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டைப் போல் நீளும்போது, தொழுகை நேரங்களைக் கணித்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஸஹீஹ் முஸ்லிமின் ஹதீஸும் இதற்குச் சான்றாயிற்று. அதே வோல்கா மண்ணில் பிறந்த அறிஞர் ஷிஹாபுத்தீன் மர்ஜானி, அந்தி மறையாவிட்டாலும் இஷா கடமையே என நிலைநாட்ட 1870இல் கஸானில் ஒரு தனி நூலையே வெளியிட்டார். ஒரே ஒரு வக்து தொழுகை சமுதாயத்தின் கையை விட்டு நழுவிவிடக்கூடாது என்பதற்காக எத்தனை நூற்றாண்டு உழைப்பு!

லண்டனிலும் ஜூன் மாத நள்ளிரவில் சூரியன் 15 பாகையே இறங்குகிறது. ஆகவே வேலைக்காகவும் படிப்பிற்காகவும் அங்கு சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது இன்றைய கேள்விதான். அவ்வூர் ஆலிம்களிடம் கேட்டறிந்து நடக்குமாறு அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

நமக்கோ வல்ல ரஹ்மான் ஆண்டு முழுவதும் தெளிவான அந்தியையும் ஆழ்ந்த இரவையும் தந்துள்ளான். கடிகாரம் இருக்கிறது, பாங்கும் காதில் விழுகிறது. ஒரு மாதம் உறங்காமல் விழித்திருந்த அந்த முஅத்தினை எண்ணிப் பாருங்கள். அடையாளங்கள் அனைத்தும் இருந்தும் தொழுகையைத் தவறவிடும் நாம், அவருக்கு முன் என்ன பதில் சொல்வோம்?

நேரம் தவறாமல் தொழும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.