வாவிக்கரையில் ஒரு பூங்கா

ஒரு நகரத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அதன் கோட்டையைத் தேடிச் செல்வது வழக்கம். கற்சுவரும் கொத்தளமும் காலத்தைக் கடந்து நிற்பதால், அவற்றைக் கட்டுவித்தோரே வரலாற்றின் நாயகர் என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகிறது. மட்டக்களப்பு வாவியால் சூழப்பட்ட புளியந்தீவுக்குச் செல்லும் ஆசிரியரையும் மாணவரையும் நாம் வேண்டுவது ஒன்றே: கோட்டையைப் பாருங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். சற்று நடந்து, நீரோரத்திலுள்ள காந்திப் பூங்காவுக்கும் வாருங்கள்.

கோட்டையின் கதை பலரும் அறிந்ததே. 1602இல் ஒல்லாந்துக் கப்பற்றலைவன் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, கண்டி மன்னனைக் காணச் சென்றான். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகள் கழித்து, கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. கொடிகள் மாறின. வயலிலே சேற்றை மிதித்து, விளைந்ததில் ஒரு பங்கை இறையாக அளந்தவனுடைய நிலை மாறிற்றா? பின்னர் அக்கோட்டைக்குள்ளேயே கச்சேரி அமைந்து நெடுங்காலம் இயங்கியது. ஆளும் அதிகாரத்தின் இருப்பிடம் அதுவே என்பதில் மட்டும் மாற்றம் ஏற்படவில்லை.

ஆனால் இந்நகரை வாழவைத்தது கோட்டையன்று, வாவியே. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்நீர்ப்பரப்பு, நாட்டை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பகுக்கிறது. ஞாயிறு எழும் கடற்பக்கத்தில் மீனும் தென்னையும் சந்தையும். ஞாயிறு படும் மேற்குப் பக்கத்தில் வயலும் மாட்டுப்பட்டியும். பாலங்களும் வீதிகளும் வருமுன்னர் இவ்விரு கரைகளையும் பிணைத்தவை தோணிகள். நெல்லும் தயிரும் விறகும் இந்நீர்வழியே வந்தன. 1924இல் கல்லடிப் பாலம் எழுந்தது. 1928இல் புகையிரதம் வந்தது. தோணித்துறைகள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. துடுப்பு வலித்த கைகளுக்குரியோரின் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

கல்லிலே நிலைபெற்ற பெயர் வேறொன்று. பூங்காவில் நிற்கும் 'மட்டக்களப்பு வாயில்' என்னும் நினைவுச்சின்னம், 1814இல் மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய இடத்தைக் குறிப்பது. ஓராண்டு நிறையுமுன்னரே, 1815இல், அவர் இவ்வூரிலேயே இறந்தார். அவர் தொடங்கிய கல்விப்பணியிலிருந்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை எண்ணுகிறது. மிஷன், பேரரசின் நிழலில் மதம் பரப்ப வந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அது கொணர்ந்த எழுத்தறிவை இம்மண்ணின் பிள்ளைகள் தமதாக்கிக்கொண்டனர் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

மாலை வேளையில் இப்பூங்காவுக்கு வருவோர் வரலாற்றை எண்ணி வருவதில்லை. நாளெல்லாம் உழைத்த உடலுக்கு வாவிக்காற்று வேண்டும். குழந்தைகளுக்கு ஓடியாட இடம் வேண்டும். நீரிலே வலை வீசுவோரையும், அந்தி நிறம் மாறுவதையும் பார்த்திருப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. இவ்வாவியின் 'பாடும் மீன்' உலகறிந்த புதுமை. நிலாக்கால இரவில் தோணியிலே சென்று, துடுப்பை நீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தால், யாழ் நரம்பை மெல்லத் தீண்டினாற்போன்ற ஒலி எழும் என்பர். 1848இல் அதைக் கேட்ட எமர்சன் தெனன்ற், சிப்பியினங்களின் ஒலியாயிருக்கலாமெனக் கருதினார். இம்மண்ணின் மைந்தரான விபுலானந்த அடிகளோ அதனை நீரரமகளிரின் இசையாகப் பாடினார்.

இனி, பூங்கா தாங்கும் பெயருக்கு வருவோம். காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தார். அவர் காட்டிய போராட்ட முறை 1961இல் இந்நகரின் அனுபவமாயிற்று. சிங்களம் மட்டும் என்னும் ஆட்சிமொழிக் கொள்கையை எதிர்த்து அவ்வாண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம், மட்டக்களப்புக் கச்சேரி வாயிலுக்கும் பரவியது. கோட்டைக்குள் இருந்த அதிகாரத்தின் வழியை, வெறுங்கையுடன் அமர்ந்த மக்கள் மறித்தனர். ஏப்பிரலில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் அப்போராட்டத்தை ஒடுக்கின.

பின்னர் வந்த போர் எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. போர் ஓய்ந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 2012 ஏப்பிரலில், நகரிலிருந்த காந்தி, விபுலானந்தர், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை, பேடன் பவல் ஆகியோரின் சிலைகள் இரவோடிரவாகச் சேதப்படுத்தப்பட்டன. சிலையைச் சிதைப்போர் அஞ்சுவது கல்லுக்கல்ல. அதைச் சுற்றி ஒன்றுகூடும் மனிதருக்கே. ஆயினும் மனிதர் கூடுவது நிற்கவில்லை. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மார்போடணைத்த தாய்மார் இப்பூங்காவில் நின்று நீதி கேட்டனர். 2022இல் பொருளாதார நெருக்கடி நாட்டை உலுக்கியபோது, நீதிக்காக நாள்தோறும் நடந்தோரின் நடைபயணமும் இங்கேயே வந்து முடிந்தது.

வந்திறங்கி ஆண்டோரின் துறையாயிருந்த நீரோரம், அமர்ந்து பேசுவதற்கும் அழுவதற்கும் கேள்வி கேட்பதற்கும் உரிய பொதுவிடமாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் சிங்களவரும், சீட்டும் சிபாரிசுமின்றி, ஒரே வாங்கில் அமரக்கூடிய இடங்கள் நம் நாட்டில் எத்தனை உள்ளன? அழகுக்காக மட்டுமன்றி, இவ்வுரிமைக்காகவும் இக்கரையை நாம் காக்க வேண்டும்.

மாணவர்களே, அடுத்த முறை அங்கு செல்லும்போது ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். வாங்கில் அமர்ந்திருக்கும் முதியவரிடம், அவர் தந்தை எந்தத் துறையில் தோணி வலித்தார் என்று கேட்டு எழுதுங்கள். கல்லில் ஏறாத அப்பெயர்களை ஏட்டிலேனும் ஏற்றுவது நம் கடன்.