கடலைப் பூசணமும் கல்லீரலும்

எருத்தேன்பதி பக்கம் மட்டுமல்ல, கடலை தின்கிற எல்லா ஊரிலும் பழக்கம் ஒன்றுதான்: கசந்தால் துப்பிவிடுவோம். ஆனால் பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் நஞ்சுக்கு ருசியே கிடையாது!

1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம். நஞ்சு பிடிபட்டது அப்படித்தான். சரி, மனிதனுக்கு?

பதில் நம் நாட்டிலேயே கிடைத்தது, கொடூரமாக. 1974-ல் ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளம் தின்றவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. 397 பேர் பாதிக்கப்பட்டு, 106 பேர் இறந்தார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

அளவைக் கூட்டிக் குறைத்து மனிதருக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா? அதனால்தான் ஆய்வகத்தில் வளர்க்கும் மனித செல்கள். அதிகம் பயன்படுவது ஹெப்ஜி2. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கல்லீரல் கட்டியிலிருந்து 1970-களில் எடுத்தது.

இங்கேதான் சிக்கல். அஃப்ளடாக்சின் உள்ளே போன உருவிலேயே டிஎன்ஏ-வைத் தாக்குவதில்லை. கல்லீரலின் நொதிகள் அதை மாற்றிய பிறகே டிஎன்ஏ-வில் போய் ஒட்டுகிறது. ஹெப்ஜி2-வில் அந்த நொதிகள் ரொம்பக் குறைவு. ஆகவே அதில் பார்த்தால் நஞ்சு சாதுவாகத் தெரியலாம். நொதி நிறைந்த கல்லீரல் செல்லில்தான் உண்மை வெளிவரும்.

எனவே, "செல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எங்காவது படித்தால், எந்தச் செல் என்று கேளுங்கள். கடலையை நன்றாகக் காயவைத்து, ஈரம் படாமல் வையுங்கள். வறுத்தாலும் இந்த நஞ்சு முழுசாகப் போகாது.