ஏரி, வீடு, அடுக்ககம்

நகரின் வரலாற்றைக் கோட்டைகளிலும் கொத்தளங்களிலும் தேடிப் பழகியவர்கள் நாம். நாம் குடியிருக்கும் மனைக்கும் ஒரு வரலாறு உண்டென்பது, பெரும்பாலும் வீடு இடிபடும் நாளில்தான் நம் நினைவுக்கு வருகிறது. சென்னைத் தியாகராய நகரின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நகர் எழுந்துள்ள நிலம் ஒரு காலத்தில் நீர்ப்பரப்பு. அங்கு நீண்டு கிடந்த பேரேரியை ஆங்கிலேயர் 'லாங் டாங்க்' என்றழைத்தனர். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து நீதிக்கட்சி ஆட்சியில், 1923-ஆம் ஆண்டையொட்டி, ஏரி வடிக்கப்பட்டு நிலம் மனைகளாக வகுக்கப்பட்டது. 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயரின் பெயர் நகருக்கும், பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கும் சூட்டப்பட்டன. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமிடையே மின்ரயில் ஓடத் தொடங்கவே, அலுவலகம் செல்வோர்க்கு மாம்பலம் அண்மையாயிற்று. ஏரி மறைந்தது, மேற்கு மாம்பலத்து லேக் வியூ சாலையின் பெயரில் அதன் நினைவு தங்கியது.

அம்மனைகளில் எழுந்த வீடுகள் பலவற்றுக்குக் கூரை 'மெட்ராஸ் டெரஸ்'. தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியிட்டு இறுக்குவர். கொல்லையில் கிணறும் தென்னையும் இருந்தன.

தந்தை கட்டிய வீடு பிள்ளைகள் கைக்கு வரும்போது, வீட்டைப் பகிர்வது எளிதன்று. விலையைப் பகிர்வது எளிது. நிலமோ கட்டடத்தினும் பன்மடங்கு மதிப்புப் பெற்றுவிட்டது. கட்டுநர் வீட்டை விலைக்கு வாங்குவார். அல்லது, உரிமையாளருக்குச் சில குடியிருப்புகளைத் தந்துவிட்டு எஞ்சியவற்றை விற்றுக்கொள்வார். கதவும் சன்னலும் உத்திரமும் பழைய மரக்கடைக்குச் செல்லும். வாங்குவோருக்குக் குடியிருப்போடு நிலத்தில் 'பிரிபடாத பாகம்' எழுதித் தரப்படும்.

இதனை முற்றிலும் இழப்பென்று கூறுவது நேர்மையாகாது. ஒரு குடும்பம் வாழ்ந்த மனையில் இன்று எட்டுக் குடும்பங்கள் வாழ்கின்றன. சொந்த மனை வாங்க இயலாத நடுத்தர மக்களுக்கும் நகரின் நடுவே தலைசாய்க்க இடம் கிடைத்தது. எனினும், மண் தரையைச் சிமெண்டு மூடியபோது மழைநீர் இறங்கும் வழியும் அடைபட்டது. 2003-இல் தமிழகமெங்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்க நேர்ந்ததையும், 2015-இல் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தையும் எண்ணும்போது, மறைந்த நீர்நிலைகள் நம் நினைவுக்கு வராமலிருக்க இயலாது.

இன்று அடுக்ககங்களே பழையனவாகிவிட்டன. மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் இடித்துக் கட்டலாம் என 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வழிவகுத்துள்ளது. சிலரின் மறுப்பால் பழுதுற்ற கட்டடத்தில் பலரும் அஞ்சி வாழ வேண்டியதில்லை என்பது அதன் நன்மை. ஆனால், இசையாத அச்சிலருள் முதியோரும் இருப்பர். கட்டி முடியும்வரை வாடகை வீடு தேடி அலைய அவர்தம் உடல் இடங்கொடாது. முடிவதைக் காண ஆயுள் இருக்குமோ என்ற ஐயமும் அவர்க்குண்டு. அவர்களது மறுப்பைப் பிடிவாதமென்று ஒதுக்குமுன், அவர்கள் எங்கே தங்குவர், யார் துணையிருப்பர் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பது நம் கடமையன்றோ? கிணற்றைத் தூர்க்காமல் மழைநீருக்கு விடுவதும், நிற்கும் மரத்தைச் சுற்றி வரைபடம் வரைவதும் அவ்வாறே நம்மால் இயலும். இடிப்பதைத் தவிர்க்க இயலாத இடத்தும், எதை விட்டுவைப்பது என்று முடிவு செய்யும் உரிமை நம்மிடமே உள்ளது.