பாட்டியும் நீலப் பொத்தானும்

முதியோருக்கும் மின்னணுக் கருவிகளுக்கும் ஒத்துவராது என்பது நம் காலத்தில் யாரும் கேள்வி கேட்காத ஒரு முடிவாகிவிட்டது. 'உங்களுக்கு இது வராது தாத்தா' என்று பேரன் கைப்பேசியை வாங்கித் தானே வேலையை முடித்துத் தரும் காட்சியை அன்றாடம் காண்கிறோம். தாத்தாக்களும் அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். ஆயினும், எண்பதைக் கடந்தவர்களும் எழுத்தறியாதவர்களும் ஒரு மின்னணுக் கருவியை யாருடைய துணையுமின்றித் தனித்து நின்று கையாளும் வழக்கம் நம் நாட்டில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தைத்தான் சொல்கிறோம். அதன் வரலாற்றை முதியோர் பக்கமிருந்து பார்க்கும்போது சில செய்திகள் தெளிவாகின்றன.

இவ்வரலாறு மின்னணுவியலில் தொடங்கவில்லை, சின்னத்தில் தொடங்குகிறது. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். பெயரைப் படிக்க இயலாதவரும் வாக்களித்தாக வேண்டும். எனவே 1951-52 பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு சின்னமும் அச்சின்னம் ஒட்டிய தனிப்பெட்டியும் வைத்தார்கள். பின்னர் சின்னங்கள் யாவும் ஒரே தாளில் இடம்பெற்றன. வாக்காளர் தம் சின்னத்தின்மேல் முத்திரை குத்தி, தாளை மடித்துப் பெட்டியில் இட்டார். முத்திரை இரு சின்னங்களுக்கு நடுவே விழுந்து, வாக்கு யாருக்கென்று தெரியாமற்போனால் அது செல்லாது. மடிக்கையில் மை மறுபக்கம் ஒட்டிக் குழப்பம் விளைவிப்பதும் உண்டு. நடுங்கும் விரலுக்கும் மங்கிய கண்ணுக்கும் காகிதம் அத்தனை எளிதாக இருந்துவிடவில்லை.

இயந்திரம் முதன்முதலில் 1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில் வைக்கப்பட்டது. தோற்ற வேட்பாளர் வழக்குத் தொடுக்க, இயந்திரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று உச்சநீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்து அந்தச் சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. 1988 இறுதியில் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இவ்வியந்திர வடிவமைப்புக்குப் பொறுப்பேற்ற பொறியாளர்களில் முதன்மையானவர் எஸ். ரங்கராஜன், நாம் சுஜாதா என்று அறிந்தவர். 1998இல் 16 சட்டமன்றத் தொகுதிகளிலும், 2001 மே மாதம் தமிழகம் முழுவதிலும், 2004 மக்களவைத் தேர்தலில் 543 தொகுதிகளிலும் இயந்திரம் வந்து சேர்ந்தது.

2001இல் எங்கள் தெருவில், 'கிழவிகள் என்ன செய்யப் போகிறார்களோ' என்று கவலைப்பட்டவர்கள் எல்லோரும் இளையவர்கள். சாவடியிலிருந்து திரும்பிய எங்கள் பாட்டியிடம் எப்படி இருந்தது என்று கேட்டோம். "எஞ் சின்னம் இருந்துச்சு, அமுக்கினேன், கத்துச்சு, வந்துட்டேன்" என்றாள். அவள் கையெழுத்துப் போடவும் அறியாதவள்.

அந்த ஒரு வாக்கியத்தில் கருவியின் வடிவமைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. அவள் ஏற்கெனவே அறிந்திருந்த சின்னத்தை அது மாற்றவில்லை. அதனருகில் ஒரு நீலப் பொத்தானை மட்டும் வைத்தது. அழுத்தியதும் ஒரு சிவப்பு விளக்கும் நீண்ட ஒலியும் விடை தந்தன. நினைவில் வைக்கக் கடவுச்சொல் இல்லை. மின்சாரம் போனாலும் கவலையில்லை, மின்கலத்தில் இயங்கியது. எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. இயந்திரம் இரண்டு பகுதிகளாகச் செய்யப்பட்டு, 5 மீட்டர் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கிறது. திறப்பது, மூடுவது, எண்ணுவது ஆகிய சிக்கல்கள் யாவும் அலுவலரின் மேசையில் இருக்கும் பகுதியோடு நின்றுவிடுகின்றன. மறைப்புக்குப் பின்னால் நிற்கும் பாட்டிக்குப் பொத்தான் மட்டுமே. சுமையை யார் தூக்குவது என்ற கேள்விக்கு அங்கே தெளிவான விடை இருந்தது.

இயந்திரத்தின் நம்பகத்தன்மை பற்றிய ஐயங்கள் வேறு. அவற்றின் விளைவாகவே 2013 முதல் ஒப்புகைச் சீட்டு அறிமுகமாகி, 2019இல் எல்லாத் தொகுதிகளுக்கும் வந்தது. வாக்களித்த சின்னத்தை 7 விநாடிகள் காட்டிவிட்டுச் சீட்டு பெட்டிக்குள் விழும். அங்கும் முதியவர் புதிதாகக் கற்க வேண்டியது எதுவுமில்லை, பார்த்தால் போதும்.

பின்னர் வந்த கருவிகள் பல இந்தப் பாடத்தை மறந்தன. ஓய்வூதியர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பிக்க, 2014 நவம்பர் 10 அன்று மின்னணு உயிர்வாழ் சான்றிதழ் தொடங்கப்பட்டது. நோயாளிக்கும் அயலூரில் வாழ்பவருக்கும் அது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கைரேகை என்பது முதுமையில் தேய்வது. உழைத்த கையில் இன்னும் விரைவாகத் தேய்வது. முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி 2021இல்தான் சேர்க்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருநாள், ஓர் அலுவலகத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைக் கண்டோம். மூன்று முறை விரல் வைத்தார். மூன்று முறையும் இயந்திரம் ஏற்கவில்லை. "கையை நல்லாத் துடைச்சிட்டு வைங்க சார்" என்றார் இளம் அலுவலர். பெரியவர் வேட்டி நுனியில் விரலைத் துடைத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார். தவறியது இயந்திரம், மன்னிப்புக் கேட்டவர் அவர்.

முன்பு எழுத்தர் செய்த வேலையை இன்று முதியவரே செய்ய வேண்டியிருக்கிறது. படிவத்தைத் திறப்பதும், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை நேரம் கடப்பதற்குள் உள்ளிடுவதும், தவறினால் முதலிலிருந்து தொடங்குவதும் அவர் பொறுப்பு. அலுவலரின் மேசையில் இருந்த சிக்கல் கம்பி வழியே இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதன்பின் அவர் தடுமாறினால், காரணம் வயது என்கிறோம்.

எங்கள் பாட்டி 2001க்குப் பின்னும் இரண்டு தேர்தல்களில் வாக்களித்தாள். ஒருமுறையும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவள் சாவடியிலிருந்து வெளியே வந்ததில்லை.