ஆளற்ற வடக்கு: ஒரு பயணத்திட்டத்தின் வரலாறு

1

அலாஸ்காவுக்குச் சுற்றுலா போக விரும்புகிறவர் கையில் இன்று கிடைப்பது ஒரு பட்டியல். வான்கூவரில் கப்பலேறி ஏழு நாள். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று துறை துறையாக இறங்கி ஏறி, கிளேசியர் பே என்கிற பனியாற்று வளைகுடாவில் ஒரு பகல் மிதந்து, சீவார்டிலோ விட்டியரிலோ கரையேற்றம். பிறகு மூன்று முதல் ஐந்து நாள் தரைவழி. கண்ணாடிக் கூரை போட்ட ரயில் பெட்டியில் தெனாலி, அங்கிருந்து ஃபேர்பாங்ஸ். கப்பல், ரயில், விடுதி எல்லாவற்றையும் ஒரே கம்பெனி ஒரே கட்டாக விற்றுவிடும். முதலில் கப்பலா தரையா, எந்த மாதம் மழை குறைவு, பயணி யோசிக்க வேண்டியது இவ்வளவுதான்.

பார்த்தால் வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரித்தான் தெரியும். ஆனால் பயணத்திட்டமும் ஒரு பிரதிதான். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கத் தேவையில்லை என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. மனிதக் கை படாத வடக்கு என்று இந்தப் பிரதி விற்கிற சரக்கு எங்கே, யாரால், என்ன விலையில் தயாரானது என்பதுதான் நம் கேள்வி.

2

1867இல் 72 லட்சம் டாலருக்கு ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. விற்றவர்கள் கையில் இருந்தது கரையோரத்துச் சில கோட்டைகளும் வியாபார நிலையங்களும்தான். தென்கிழக்குக் கரையின் பெரும்பகுதி திலிங்கிட் மக்களின் குலங்களுக்குச் சொந்தமாக இருந்தது. எந்த ஓடையில் எந்தக் குலம் மீன் பிடிக்கலாம் என்பதுவரை வரையறை இருந்த பூமி அது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

1869இல் கேக் ஊர்க்காரர்களின் கிராமங்களை அமெரிக்கக் கடற்படை குண்டு வீசி எரித்தது. 1882 அக்டோபர் 26ஆம் தேதி அங்கூன். திமிங்கில வேட்டைக் குண்டு வெடித்து, வணிகக் கம்பெனியில் வேலை பார்த்த திலிங்கிட் பூசாரி ஒருவர் செத்துப்போகிறார். திலிங்கிட் வழக்கப்படி அந்தச் சாவுக்கு ஈடாக 200 கம்பளிகள் கேட்கிறார்கள். கடற்படை திருப்பி 400 கம்பளிகள் அபராதம் கேட்கிறது. வந்து சேர்ந்தது போதவில்லை என்று ஊரைக் கொளுத்துகிறது. படகுகள் நொறுக்கப்பட்டன. குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த உணவு சாம்பலாயிற்று. ஆறு குழந்தைகள் இறந்ததாக அந்த மக்களின் நினைவு சொல்கிறது. இதற்குக் கடற்படை மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2024 அக்டோபர் 26இல். 142 வருஷம் கழித்து.

சரி, இதற்கும் சுற்றுலாவுக்கும் என்ன சம்பந்தம்? அங்கூன் எரிந்ததற்கு அடுத்த கோடை, 1883இல், ‘ஐடஹோ’ என்ற நீராவிக் கப்பல் பயணிகளோடு கிளேசியர் பேக்குள் நுழைந்தது. கப்பலில் இருந்த எலைசா சிட்மோர் என்ற பத்திரிகையாளர் 1885இல் அலாஸ்கா பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். பீரங்கியின் சத்தம் ஓய்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத நீர்ப்பரப்பில் ஒப்பனையற்ற இயற்கையைக் காணப் போன கூட்டம் இது. கரை ‘அமைதியாக’ இருந்தது தற்செயலல்ல.

3

கிளேசியர் பே கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே வாழ்ந்த ஹூனா திலிங்கிட்டுகளை முதலில் வெளியேற்றியது பனிதான். 18ஆம் நூற்றாண்டில் பனியாறு முன்னேறி வந்து ஊர்களை மூடியது. அவர்கள் தெற்கே நகர்ந்து ஹூனாவில் குடியேறினார்கள். 1794இல் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது வளைகுடாவின் வாயையே பனிச்சுவர் அடைத்திருந்தது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி ஏறத்தாழ 40 மைல் பின்வாங்கியிருந்தது. பனி விலகியதும் ஹூனா மக்கள் திரும்பி வந்தார்கள். சீல் வேட்டை, பெர்ரிப் பழம், கடற்காக முட்டை என்று பருவத்துக்குப் பருவம் வந்துபோனார்கள். மியூரின் படகைத் துழாவியதும் திலிங்கிட் மக்கள்தான். அவருக்கு வழி காட்ட, சீல் வேட்டைக்காரர்கள் முகாமிலிருந்து ஒருவர் ஏறிக்கொண்டார். ஆனாலும் மியூர் ‘கண்டுபிடித்த’ பனியாறு என்றுதான் பெயராயிற்று.

1925இல் அரசு அதைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. 1936இல் நாடாளுமன்றம் அதே நிலத்தில் சுரங்கம் தோண்ட அனுமதி கொடுத்தது. ஆனால் முட்டை பொறுக்குவது காலப்போக்கில் குற்றமாயிற்று. சுரங்க முதலாளி தோண்டலாம், பாட்டி முட்டை எடுக்கக் கூடாது. இதுதான் பாதுகாப்புச் சொல்லாடலின் தர்க்கம். 1964இன் வனாந்தரச் சட்டம் இதற்கு ஒரு தத்துவமே கொடுத்தது. மனிதர் வந்துபோகலாம், தங்கக்கூடாத இடம்தான் வனாந்தரம் என்று வரையறுத்தது. வந்துபோகிறவர் யார்? சுற்றுலாப் பயணி. தங்குகிறவர்? சொல்ல வேண்டியதில்லை. முட்டை எடுக்கும் உரிமை 2014இல் தனிச் சட்டம் போட்டுத்தான் திரும்பக் கிடைத்தது.

நம் திணைக் கோட்பாட்டில் கருப்பொருள் என்ற வரிசையில் மக்களும் அவர்கள் தொழிலும் சேர்த்தே எண்ணப்படுகிறார்கள். பாலைக்குக்கூட ஆள் உண்டு. ஆளை நீக்கினால்தான் இயற்கை என்கிற கருத்துக்குத் தமிழில் ஒரு சொல்லைத் தேடித் திணறுகிறோம். திணறுவது நல்லதுதான்.

4

1899இல் ரயில்வே முதலாளி எட்வர்ட் ஹாரிமன் ஒரு கப்பலை அமர்த்தி, விஞ்ஞானிகள், ஓவியர்கள், புகைப்படக்காரர்களோடு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு இரண்டு மாதம் அலாஸ்கா போனார். மியூரும் உடன் போனார். கேப் ஃபாக்ஸில் ஆளில்லாத ஊர் என்று சொல்லிக் குலமரபுக் கம்பங்களைப் பிடுங்கிக் கப்பலில் ஏற்றினார்கள். ஊர்க்காரர்கள் செத்துப்போகவில்லை, வேறிடத்தில் குடியேறியிருந்தார்கள். கம்பங்கள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் நின்றுவிட்டு 2001இல் திரும்பி வந்தன. ‘கைவிடப்பட்டது’ என்று ஒருவன் முதலில் சொல்லிவிட்டால் போதும், எடுத்துக்கொள்வது திருட்டாகாது.

தரைப்பகுதியின் கதையும் இதேதான். வட அமெரிக்காவின் மிக உயர்ந்த சிகரத்துக்கு அதபாஸ்கன் மொழியில் தெனாலி, உயர்ந்தது என்று பெயர். 1896இல் தங்கம் தேடி வந்த ஒருவர், அலாஸ்காவில் காலே வைக்காத மெக்கின்லியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1917இல் பூங்கா, 1923இல் ரயில் பாதை நிறைவு, 1939இல் பூங்கா வாசலில் ஹோட்டல். 1980இல் பூங்கா தெனாலியாயிற்று. 2015இல் சிகரமும் தன் பெயரைப் பெற்றது. 2025 ஜனவரியில் ஒரு கையெழுத்தில் சிகரம் மறுபடி மெக்கின்லி. பூங்காவின் பெயர் மட்டும் தெனாலியாகவே நிற்கிறது. ஆக, பயணச்சீட்டில் ஒரு பெயர், மலைக்கு இன்னொரு பெயர்.

5

இன்றைய கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பெர்முடா போன்ற அந்நியக் கொடி பறப்பவை. 1886ஆம் வருஷச் சட்டப்படி, அந்நியக் கப்பல் இரண்டு அமெரிக்கத் துறைகளுக்கு நடுவே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது. அதனால்தான் வான்கூவரில் புறப்பாடு, இல்லாவிட்டால் விக்டோரியாவில் ஒரு நிறுத்தம். பயணத்திட்டத்தில் அழகுக்காகச் சேர்த்தது போலத் தெரியும் கனடா, உண்மையில் சட்டத்தின் சந்து. அதே கொடியின் தயவில், அடித்தளத்தில் பாத்திரம் கழுவும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய, இந்தியத் தொழிலாளிக்கு அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலியும் கிடையாது. ஆளற்ற வனாந்தரத்தைப் பார்க்கப் போகும் கப்பலிலேயே இப்படிக் கண்ணில் படாத ஆட்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சுற்றுலாவே வேண்டாம் என்று முடித்துவிட்டால் நமக்குச் சுலபம். ஆனால் வரலாறு அப்படி விடுவதில்லை. 1968இல் எண்ணெய் கிடைத்தது; குழாய் போட நிலம் வேண்டும். 1971இல் பூர்வகுடிகளோடு ஒரு தீர்வு. 4.4 கோடி ஏக்கரும் 96.25 கோடி டாலரும். அது குலங்களிடம் போகவில்லை. அவர்கள் பெயரில் உருவாக்கப்பட்ட கம்பெனிகளிடம் போயிற்று. சமூகம் பங்குதாரர் ஆயிற்று. ஹூனாக்காரர்களின் கம்பெனி 2004இல் பழைய மீன் ஆலையைக் கப்பல் துறையாக்கித் திறந்தது. எந்த வளைகுடாவில் முட்டை எடுத்ததற்குக் குற்றவாளி ஆனார்களோ, அதைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவர்களே துறை நடத்துகிறார்கள். 2016இல் கிளேசியர் பேயின் கரையில் அவர்களுடைய குலவீடு மறுபடி எழுந்து நிற்கிறது. இதை விலைபோதல் என்பதா, மீட்பு என்பதா? இரண்டில் ஒன்றைச் சொல்ல நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

ஜூனோவில் சுமார் 32,000 பேர் இருக்கிறார்கள். 2023இல் கப்பலில் வந்து போனவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். 2024இல் நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் என்று வரம்பு வந்தது. சனிக்கிழமையாவது கப்பல் வேண்டாம் என்ற யோசனை அதே வருஷம் வாக்கெடுப்பில் தோற்றது. தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் ஒரே தெருவில் பிழைக்கிறவர்கள். 2021 ஆகஸ்டில் தெனாலிச் சாலையின் நடுவே மலைச்சரிவு இளகி இறங்கி 43ஆவது மைலுக்கு அப்பால் போக்குவரத்து நின்றது. அந்த வருஷத்துப் பயணத்திட்டங்கள் ஒரு வரியை வெட்டிவிட்டுத் தொடர்ந்தன.

போகிறவர்கள் போகத்தான் செய்வார்கள். அவர்கள் கையிலிருக்கும் பட்டியலில் அங்கூனில் கப்பல் நிற்காது. அது எந்த ஊர், ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கிற பயணி, தான் பார்க்கப்போவது ஆளற்ற நிலத்தை அல்ல, ஆள் அகற்றப்பட்ட நிலத்தை என்பதைத் தெரிந்துகொண்டாவது கப்பலேறுவார்.